குடும்ப மருத்துவரின் மேசையும் புதிய ஆய்வுகளும்



மருத்துவ ஆய்வு என்றதும் நாளிதழ்களில் அடிபடுவது லட்சக்கணக்கில் விலைபோகும் ஊசி, மரபணுச் சிகிச்சை, ரோபோ அறுவை. தெருமுனையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெளியே ஒரு பெஞ்சு என்று கடை விரித்திருக்கும் குடும்ப மருத்துவருக்கு அதிலெல்லாம் பெரிதாக வேலையில்லை. அவரைத் தேடி வருகிறவர்களுக்கு பிரஷர், சுகர், குழந்தையின் சளி, இடுப்பு வலி, விடாத இருமல். இந்த அன்றாடப் புகார்களைப் பற்றியும் கடந்த பத்தாண்டில் தரமான ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றில் பல கிராமங்களிலும் சிறு கிளினிக்குகளிலும் நடந்தவை. வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும்: அந்த ஆய்வுகள் கேட்கும் கருவிகளில் பெரும்பாலானவை குடும்ப மருத்துவரின் மேசையில் முன்பே இருக்கின்றன. பிரஷர் கருவி, கைக்கடிகாரம், எடை மெஷின், பேனா. இந்த உரை அந்த நான்கையும் பற்றியது.

கை தொங்கினால் என்ன ஆகும்?

மாலை ஏழு மணி. பெஞ்சு நிரம்பியிருக்கிறது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் ஒருவர் வேகமாக உள்ளே வந்து, முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்காருகிறார். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளுகிறார். அது புஜத்தை இறுக்கிப் பிடிக்கிறது. மருத்துவர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே, "மாத்திரை விடாம சாப்பிடறீங்களா?" என்கிறார். அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கை மடியில் கிடக்கிறது. திரையில் 142. சீட்டில் இன்னொரு மாத்திரை ஏறுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் காட்சியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள்: கை எங்கே இருக்கிறது? 133 பேருக்கு மூன்று நிலைகளில் அளந்தார்கள். கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வைத்து ஒருமுறை, மடியில் வைத்து ஒருமுறை, பக்கவாட்டில் தொங்கவிட்டு ஒருமுறை. 2024இல் வெளியான முடிவு இது: மடியில் கை இருந்தால் மேல் அளவு சராசரியாக 3.9 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது, தொங்கினால் 6.5 மி.மீ. கூடுதல். 136 இருக்கிறவர் 142 ஆகிவிட, தொங்கும் கை ஒன்றே போதும்.

பட்டையின் அளவும் இதே கதைதான். அதே பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 195 பேர் கலந்துகொண்டார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால் மேல் அளவு 19.5 மி.மீ. கூடிப்போகிறது. சிறிய பட்டை தேவைப்படும் ஒல்லியான கைக்கு அதே பட்டையைச் சுற்றினால் 3.6 மி.மீ. குறைந்து காட்டுகிறது. ஒருவர் தேவையில்லாத மருந்தைச் சாப்பிடுகிறார். இன்னொருவர் தேவையான மருந்து கிடைக்காமல் வீட்டுக்குப் போகிறார். இரண்டு அளவுப் பட்டைகளை வாங்கி வைக்க ஆகும் செலவு, ஒரு நோயாளியின் சில மாத மருந்துச் செலவுக்கு மேல் போகாது.

கிராம மருத்துவர்கள் செய்து காட்டியது

சரியாக அளந்த பிறகு வருவது கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதற்கான காரணம் இந்த எண்ணிலேயே அடங்கியிருக்கிறது.

வீடு தேடிப் போனால் பலன் உண்டா? வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 30 கிராமப்புறப் பகுதிகளில் 2,645 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய் அழுத்தத்தை அளந்து, உணவு பற்றிப் பேசி, தேவைப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு மேல் அளவு 5.2 மி.மீ. அதிகமாகக் குறைந்திருந்தது. இது 2020இல் வெளியானது.

அதைவிடப் பெரிய ஆய்வு சீனாவில் நடந்தது. 326 கிராமங்கள், 33,995 பேர். பாதிக் கிராமங்களில் சிகிச்சையை நடத்தியவர்கள் கிராம மருத்துவர்கள். ஒரு காலத்தில் 'வெறுங்கால் மருத்துவர்கள்' என்று அழைக்கப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். நீண்ட மருத்துவக் கல்லூரிப் படிப்பு இவர்களில் பலருக்குக் கிடையாது. இவர்களுக்குத் துணை நின்றவை: படிப்படியாக எந்த மருந்தைக் கூட்டுவது என்ற எளிய நெறிமுறை, மலிவு விலையிலோ இலவசமாகவோ மருந்து, வீட்டில் அளந்து பார்க்கக் கருவி, மேலே இருந்து வழிகாட்ட ஒரு மருத்துவர், வேலை நன்றாக நடந்தால் ஊக்கத்தொகை. இலக்கு 130/80க்குக் கீழே. பதினெட்டு மாதத்தில் இந்தக் கிராமங்களில் 57 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். மற்ற கிராமங்களில் 19.9 சதவீதம். மூன்று ஆண்டு முடிவு 2023இல் 'லான்செட்' இதழில் வந்தது: மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய இரத்தநாளப் பாதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கு ஆண்டுக் கணக்கை 2025இல் பார்த்தபோது மறதி நோயும் 15 சதவீதம் குறைவாக இருந்தது.

இறுக்கமான இலக்கு சீனக் கிராமங்களோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வு மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுபோக முயன்று, பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2015இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியை 2024இல் 12,821 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் சீனாவில் நடந்த ஆய்வு நிரப்பியது. அங்கும் இறுக்கமான இலக்கே வென்றது. எழுந்து நின்றால் தலைசுற்றல், மயக்கம், சிறுநீரகத் தடுமாற்றம், பொட்டாசியம் ஏற்றம் என்று இதற்கு விலையும் உண்டு. எண்பது வயதில் தடி ஊன்றி நடக்கும் பாட்டிக்கு இலக்கை நிர்ணயிக்கும் முன், அவரை எழுப்பி நிற்கவைத்து மறுபடியும் ஒருமுறை அளந்து பார்ப்பது மருத்துவரின் கடமை.

மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் தெளிவு வந்திருக்கிறது. இலங்கையில் 700 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்: டெல்மிசார்டான் 20 மி.கி., அம்லோடிபின் 2.5 மி.கி., குளோர்தாலிடோன் 12.5 மி.கி. ஆறு மாதத்தில் 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமம். இந்தியாவிலேயே 32 மையங்களில் 1,981 பேரிடம் நடந்து 2024இல் வெளியான 'டாப்ஸ்பின்' ஆய்வு, இரண்டு மருந்து சேர்ந்த மூன்று வகை மாத்திரைகளை ஒப்பிட்டது. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வேலை செய்தன. எந்தக் கூட்டு என்று குழம்பி நேரத்தை வீணாக்குவதைவிட, ஏதாவது ஒரு நல்ல கூட்டு மாத்திரையில் தொடங்கிவிடுவதே மேல் என்று அதைப் படிக்கலாம்.

"காலையில போடணுமா, ராத்திரியா?" என்று கேட்காத நோயாளி இல்லை. இரவில் போட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும் என்கிற மாதிரி ஒரு ஸ்பானிய ஆய்வு 2019இல் சொல்லப்போய், வாட்ஸ்அப்பில் அது வேதமானது. பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடந்த 'டைம்' ஆய்வு 2022இல் வந்தது. கனடாவில் குடும்ப மருத்துவர்கள் வழியாகவே நடந்த 'பெட்மெட்' ஆய்வு 2025இல் வந்தது. இரண்டிலும் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போடுகிற நேரமே சரியான நேரம்.

ஒரு முழு நிமிடம்

குழந்தைக்கு நெஞ்சுச் சளி. அம்மாவின் முகத்தில் கலக்கம். "போன தடவை குடுத்த பிங்க் சிரப்பையே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்." ஆண்டிபயாடிக் எழுத ஆகும் நேரம் பத்து வினாடி. வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிடம்.

இங்கிலாந்தின் குடும்ப மருத்துவ மையங்களில் 432 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். நெஞ்சுச் சளி உண்டு, நிமோனியா என்று சந்தேகிக்க இடமில்லை, அப்படிப்பட்ட குழந்தைகள். பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று சிரப். கொஞ்சம் மோசமான அறிகுறிகள் அடங்க அமாக்ஸிசிலின் பிரிவில் ஐந்து நாள், வெற்று சிரப் பிரிவில் ஆறு நாள். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. 2021இல் முடிவு வந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாக் குழந்தைக்கும் சிரப்பை நிறுத்திவிடலாமா? கூடாது என்கிறது கராச்சி. அங்கே ஏழைக் குடியிருப்புகளில் 4,002 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. இவர்கள் வேகமாக மூச்சுவிடும் குழந்தைகள்; நெஞ்சு உள்வாங்கல் போன்ற கடும் அறிகுறி எதுவும் இல்லை. வெற்று மருந்து பெற்றவர்களில் 4.9 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. அமாக்ஸிசிலின் பெற்றவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு மட்டுமே. மருந்தில்லாமல் விடுவது பாதுகாப்பானது என்று அங்கே நிரூபிக்க முடியவில்லை.

இங்கிலாந்துக் குழந்தையையும் கராச்சிக் குழந்தையையும் பிரித்துக் காட்டுவது மூச்சு எண்ணிக்கை. அதை எண்ணும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குழந்தை அம்மா மடியில் அமைதியாக இருக்க வேண்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக்கூடாது. சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்த்து, கைக்கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது உதவாது. சின்னக் குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு.

மருந்து கொடுப்பது என்று முடிவான பிறகு எத்தனை நாள் என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 814 குழந்தைகளிடம், மூன்று நாள் அமாக்ஸிசிலின் ஏழு நாள் அமாக்ஸிசிலினுக்குக் குறைந்ததல்ல என்று 2021இல் தெரிந்தது. கராச்சியில் கொடுத்ததும் மூன்று நாள்தான்.

அரிசியும் பருப்பும் மருந்தாகும்போது

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் வேறு பெயரில் தொடங்கியது. 1959இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்வு உலகத்தையே திருப்பிப் போட்டது. 193 நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்து மருந்தோடு நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மீதிப் பேரை நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே விட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் குணமானவர்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூடவே, மருந்து போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற எண்ணமும் மருத்துவர்களிடையே வேரூன்றியது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே சென்னை நிறுவனத்தின் துணையோடு, மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் ஜார்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. நோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நல்ல உணவு கொடுத்தால் அவர்களுக்குக் காசநோய் வராமல் தடுக்க முடியுமா? 2,800 நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொட்டலம் கிடைத்தது. அவர்களின் வீட்டில் இருந்த 10,345 பேரில், ஒரு பிரிவுக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் விட்டமின் மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் 39 சதவீதம் குறைந்தது; சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் வகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். முப்பது குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒரு காசநோயைத் தடுக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. 1959 ஆய்வை இது பொய்யாக்கவில்லை; அது கேட்காத கேள்விக்கு விடை சொன்னது.

நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடை ஏறியதால் பிழைத்தார்களா, நோய் தணிந்ததால் எடை ஏறியதா என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் ஆபத்தில் இருப்பவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல எடை மெஷின் போதும். 40 கிலோ உள்ளவர் இரண்டாம் மாத முடிவில் 42 கிலோவைத் தொடவில்லை என்றால், அவரை அப்படியே அனுப்பிவிடாமல் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே வழியில் நடக்கிறது. நோய் உறுதியானதும், எடையும் உயரமும், மூச்சு வேகமும் ஆக்சிஜன் அளவும், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதும் பார்க்கப்படுகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்று தெரிந்தால் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ரத்தமும் எக்ஸ்ரேயும் தேவைப்படாத இந்தச் சோதனையைத் தனியார் கிளினிக்கிலும் சில நிமிடத்தில் செய்துவிடலாம். மத்திய அரசு காசநோயாளிக்கு வழங்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். தனியார் மருத்துவர் நோயாளியைப் பதிவுசெய்தால்தான் அந்தப் பணம் அவரைச் சேரும்.

பேனாவை மூடிவைக்கும் இடங்கள்

ஐம்பதைத் தாண்டிய பலர் யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு ஆஸ்பிரின் போடுகிறார்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது உயிர் காக்கும் மருந்து; அவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. எதுவும் வராதவருக்கு? ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த 'ஆஸ்ப்ரீ' ஆய்வு 2018இல் வந்தது. அவர்களில் பெரும்பாலோரை ஆஸ்திரேலியக் குடும்ப மருத்துவர்களே சேர்த்துவிட்டார்கள். தினம் 100 மி.கி. ஆஸ்பிரின் போட்டவர்கள், உடல் முடங்காமல் வாழ்ந்த காலத்தில் எதையும் கூடுதலாகப் பெறவில்லை. பெரிய இரத்தக்கசிவு 3.8 சதவீதம் பேருக்கு வந்தது, போடாதவர்களில் 2.8 சதவீதம். அதே ஆண்டு 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் சற்றுக் குறைந்தாலும், கசிவு கூடி அந்த லாபத்தைப் பெருமளவு விழுங்கியது. அறுபது வயதுக்கு மேல் முன்தடுப்பாக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022இல் அறிவித்தது.

இடுப்பு வலியிலும் பேனா தயங்க வேண்டும். சிட்னியில் திடீர் இடுப்பு வலியோடு வந்த ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாராசிட்டமாலும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டதில் குணமாக ஆனது முறையே 17 நாள், 16 நாள். ஓபியாய்டு வகை மருந்தைச் சோதித்த 2023 ஆய்விலும் வெற்று மாத்திரையைவிட வலி அதிகம் குறையவில்லை. சோதித்தது ஆக்சிகோடோன் கூட்டு மருந்து என்றாலும், டிரமடாலைத் தாராளமாக எழுதும் பழக்கமுள்ளவர்கள் அந்த முடிவைப் படித்துப் பார்ப்பது நல்லது. பலன் தந்தது எது? 2024இல் வெளியான 'வாக்பேக்' ஆய்வில், வலி தீர்ந்த 701 பேரில் ஒரு பாதிக்கு இயன்முறை மருத்துவர் நடைப்பயிற்சியை மெல்ல மெல்லக் கூட்டிக் கற்றுத்தந்தார். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்பது இலக்கு. வலி திரும்பி வர அவர்களுக்கு இடைநிலை அளவில் 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். மருந்துச் சீட்டில் நடையை எழுதும்போது "வாக்கிங் போங்க" என்று மட்டும் எழுதாமல், முதல் வாரம் எத்தனை நிமிடம், அடுத்த வாரம் எவ்வளவு என்று எழுதினால்தான் அந்த ஆய்வின் பலன் இங்கே வந்து சேரும்.

அடுத்து

சீனக் கிராமங்கள், கராச்சிக் குடியிருப்புகள், இலங்கை, ஜார்கண்ட் என்று இந்த உரையில் பல ஊர்ப் பெயர்கள் வந்தன. தமிழ்நாட்டின் தனியார் குடும்ப மருத்துவர்கள் ஒன்றுகூடி நடத்திய ஆய்வு இந்தப் பட்டியலில் இல்லை. நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத இடம் இது; குறிப்பேடு வைக்கும் வழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

ஒவ்வொரு கிளினிக்கும் இந்த மாதமே ஒன்று செய்யலாம். கடைசியாக வந்த ஐம்பது பிரஷர் நோயாளிகளின் அட்டைகளை எடுத்து, கை மேசைமேல் இருக்க, சரியான பட்டையில் அளந்தபோது 140/90க்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்துவைக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணலாம். பத்து கிளினிக்குகள் சேர்ந்து ஒரே மாதிரி எண்ணினால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை அதை ஆய்வாக மாற்றிக் கொடுக்க முன்வரும். அடுத்த ஆண்டு இதே மேடையில் பேச வருகிறவர், அந்த எண்களோடு வர வேண்டும் என்பது இங்கே கூடியிருக்கும் மருத்துவர்களுக்கு வைக்கப்படும் வேண்டுகோள்.